ஆமையின் கோடெக்

இந்த மாதத்தோடு ஆமையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மேடம் முடிவு செய்துவிட்டார்.

ஆமைக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வீடியோ எடிட்டிங் ஆபீஸில் மேடத்துக்கு அடுத்தபடி பழைய ஆள் அவர்தான். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியதே மேடம். நாலு பேர் முன்னால் கூப்பிடவும் கூப்பிடுவார். ஆமையும் திரும்பிப் பார்ப்பார்.

பக்கத்து மேஜைப் பெண் மின்னல். பெயருக்கேற்ற வேகம். இரண்டு நிமிட விளம்பரத்தை ஒரே நாளில் முடித்துக் கொடுப்பாள். ஆமைக்கு அதே வேலை மூன்று நாள் இழுக்கும். நேற்று ஒரு கிளையன்ட் போனில் கத்திய கத்தலில் மேடத்தின் பொறுமை போயே போய்விட்டது.

மின்னலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவர் ஸ்க்ரீனைப் பார்த்தியா? வீடியோ நாலடி நடக்குது, நிக்குது. மறுபடி நாலடி நடக்குது. உன்னுது மட்டும் எப்படி நல்லா ஓடுது?"

"கோடெக் மேடம்."

கிளையன்ட் பிடிப்பதில் மேடம் கெட்டிக்காரி. எடிட்டிங் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"வீடியோவை அமுக்கி வைக்கிற முறைதான் கோடெக். கேமராவுல வர்ற ஃபைல், இடத்தை மிச்சம் பண்ண அமுக்கி மடிச்சு வெச்சது. ஓட்டுறப்பல்லாம் கம்ப்யூட்டர் அதைப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டணும். திணறும். எடிட்டிங்குக்குன்னே வேற கோடெக் இருக்கு. அதுக்கு மாத்திட்டா எல்லாம் பிரிச்சே இருக்கும். இடம் பத்து மடங்கு பிடிக்கும். ஆனா சும்மா வழுக்கிக்கிட்டு ஓடும்."

"இது அவருக்குத் தெரியாதா?"

மின்னல் கொஞ்சம் தயங்கினாள். "எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான் மேடம்."

மேடத்துக்குச் சுருக்கென்றது. தெரியாமல் செய்தால் போகட்டும் என்று விடலாம். தெரிந்தே இழுத்தடிக்கிற ஆளை என்ன செய்வது?

நேராக ஆமையின் மேஜைக்குப் போனார். மின்னல் பின்னாலேயே வந்தாள். ஆமை எழுந்து நின்றார்.

"ஏன் கோடெக் மாத்தாம வேலை பார்க்கறீங்க?"

"இப்படியே பழகிடுச்சு மேடம்."

"உங்களுக்குப் பழகிடுச்சு. திட்டு வாங்குறது நானா? வேண்டாம். இந்த மாசத்தோட நின்னுக்கோங்க."

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. எல்லாரும் மும்முரமாக வேலை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

"பொண்ணு படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு மேடம்," என்றார் ஆமை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அதை வேலை பார்க்கும்போது நினைச்சிருக்கணும். மின்னல், நீ உக்காரு. இவர் ஃபைலை மாத்து. எவ்வளவு சுலபம்னு இவரே பார்க்கட்டும்."

மின்னல் உட்கார்ந்து மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள். டிஸ்க்கில் இடம் இல்லை என்றது கம்ப்யூட்டர். இன்னொரு தடவை கொடுத்தாள். அதையேதான் சொன்னது.

"இடம் இல்லையா? எல்லாருக்கும் ஒரே அளவு டிஸ்க்தானே கொடுத்திருக்கேன்! இதுல எதைக் கொட்டி வெச்சிருக்காரு பாரு."

"ஒரே ஒரு ஃபோல்டர்தான் மேடம். டிஸ்க் பூரா அதுதான்."

ஆமை சட்டென்று கையை நீட்டினார். "அதைத் திறக்காதம்மா."

இவ்வளவு வருஷத்தில் அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மேடத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெளி வேலை! ஆபீஸ் மெஷினில், ஆபீஸ் நேரத்தில், சொந்தச் சம்பாத்தியம். கையும் களவுமாகப் பிடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

"திற."

திறந்தாள். எங்கேயும் திக்காமல், திணறாமல் வீடியோ ஓடியது.

ஜன்னலோரம் நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஓடுதாடி? பெரிய ஆபீஸ் நடத்துறா, அம்மாவுக்கு ஒரு போன் பண்ண நேரம் இல்லை. இதையும் எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மேடத்தின் அம்மா.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் மேடமே அம்மாவைப் பேசவைத்து எடுத்தது. எடிட் பண்ணித் தரச்சொல்லி ஆமையிடம் கொடுத்தார். அடுத்த மாதமே அம்மா போய்விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்செடுக்க மேடத்துக்குத் தைரியம் வரவில்லை. வராமலே மறந்தும் போய்விட்டது.

"இதோட ஒரிஜினல்?" என்று கேட்டார் மேடம்.

"கேமரா கார்டுல இருந்துச்சு மேடம். அதை நீங்க அடுத்த ஷூட்டிங்குக்குக் கொடுத்துட்டீங்க, அழிஞ்சுபோச்சு. எடிட்டிங்குக்கு மாத்தி வெச்ச இது ஒண்ணுதான் இப்ப இருக்கு."

"வேற டிஸ்க் கேட்டிருக்கலாமே!"

"மூணு தடவை கேட்டேன் மேடம்."

இருக்கிறதை வைத்துப் பாருங்கள் என்று மூன்று தடவையும் சொன்னது மேடத்துக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மின்னலுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன அண்ணா நீங்க? இதைச் சின்ன கோடெக்குக்கு மாத்தி வெச்சிருந்தா உங்களுக்கும் இடம் கிடைச்சிருக்கும். இத்தனை நாள் இந்தப் பேரும் வாங்கியிருக்க வேண்டாம்."

"மாத்தலாம்மா," என்றார் ஆமை. "ஆனா அம்மா முகம் கொஞ்சம் மங்கிடும்."