ஃபால்கோவின் கரியடுப்பு

மே மாத நண்பகல் வெயில் கொல்லையிலுள்ள கரியடுப்பின்மேல் நேராக விழுகிறது. புகையோ குண்டுலாவின் சமையலறைச் சன்னலுக்குள் நுழைகிறது. பனிக்காலத்தில் இறந்துபோன அவள் கணவன் ஃபால்கோவின் அடுப்பு அது. இன்று அதன்முன் நிற்பவன் அவனுடைய தம்பி டெட்லெஃப். ஒரு கையில் பீர்ப்புட்டி, மறு கையில் முள்கரண்டி. கம்பிவலையில் கிடக்கும் பிராட்வுர்ஸ்ட் சாசேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குத்துகிறான். துளை வழியே கொழுப்பு சீறிக் கரியில் விழ, தீ எழுந்து அவற்றின் தோலைக் கருக்குகிறது. ஜெர்மனியின் தூரிங்கியாவில் இப்படிக் குத்துகிறவனை மறுமுறை எவரும் விருந்துக்கு அழைப்பதில்லை. "குத்தாத டெட்லெஃப், சாறெல்லாம் போயிடும்," என்கிறாள் குண்டுலா சன்னலிலிருந்து. "நீங்க உருளைக்கிழங்கு சாலட்டப் பாருங்க அண்ணி. நெருப்பு ஆம்பள வேலை." தீயின்மேல் அவன் பீரைக் கொட்டுகிறான், சாம்பல் பறந்து இறைச்சியில் படிகிறது. "சாயங்காலம் இந்த அடுப்ப வண்டில ஏத்திக்கிறேன். உங்களுக்கு எதுக்கு இது? ஒரு வாணலி போதாதா?" குண்டுலா வெளியே வருகிறாள். ஆணியில் தொங்கும் இடுக்கியை எடுத்துக் கனலை ஓரமாக ஒதுக்குகிறாள். குத்துப்படாதவற்றை அனல் தணிந்த பக்கத்திற்கு நகர்த்தி, தோல் கிழியாமல் மெல்லப் புரட்டுகிறாள். அவளுடைய காதுமடல்கள் சிவந்திருக்கின்றன. வெடித்துக் கருகியவை அனைத்தையும் ஒரே தட்டில் குவித்து அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டுகிறாள். "இந்த வீட்டுலேருந்து எதையாவது எடுத்துட்டுப் போகணும்னா, இத எடுத்துட்டுப் போ." டெட்லெஃப் தட்டைப் பார்க்கிறான். அவள் அடுப்பின் பக்கம் திரும்பி, அடுத்ததைப் புரட்டுகிறாள்.