கனகசூரியத்தின் முழங்கால்

"தேத்தண்ணி கொண்டா, எண்ணெய் கொண்டா, காலைப் பிடிச்சு விடு! மரதன் ஓடினது அவர், மாரடிக்கிறது நான்!"

பக்கத்து வீட்டில் இராசாத்தியோடு டீவி நாடகம் பார்த்தபடி பாலசுந்தரி பொரிந்து தள்ளினாள்.

நாற்பதைத் தாண்டிய வயதில் சித்திரை வருடப்பிறப்பு மரதன் ஓட்டத்தில் ஓடப்போன அவள் கணவன் கனகசூரியத்துக்கு முழங்கால் சவ்வு இழுபட்டுவிட்டது. "இனி ஓடினால் கிழிஞ்சு போகும், படுத்திருங்க" என்று டொக்டர் சொன்னதை மனிதர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை.

"நடிப்புகா, முழுக்க நடிப்பு!" என்றாள் பாலசுந்தரி.

அப்போதுதான் தெருவில் குரல் கேட்டது.

"கடல வருது! கடல வருது!"

சுனாமி வந்துபோய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இரண்டாம் தரம் கேட்டுப் பார்க்க யாருக்குப் பொறுமை? தேற்றாத்தீவு ஊரே பெரிய ரோட்டைப் பார்த்து ஓடியது.

பாலசுந்தரி மட்டும் தன் வீட்டுக்குள் ஓடினாள். நடக்கமாட்டாத மனிதரை எப்படி இழுத்துக்கொண்டு போவது?

கட்டில் காலி. முழங்காலில் சுற்றியிருந்த பண்டேஜ் தரையில் கிடந்தது.

அழுதுகொண்டே ரோட்டுக்கு ஓடினாள்.

அங்கே காத்தான்குடி அசனார் சைக்கிளும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றார். சைக்கிளில் ஒரு கூடை.

"அல்லாஹ்! நான் விக்க வந்தது கடல! அவிச்ச கடல! அதத்தானே கூவின!"

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடலை வாங்கியும் தின்றது.

"ஒண்ட மனிசன் எங்ககா? இதுக்குள்ள களுவாஞ்சிக்குடி தாண்டியிருப்பார்!" என்றாள் இராசாத்தி.

பாலசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவர், உயிர் என்றதும் தன்னை விட்டுவிட்டு ஓடிவிட்டாரே! வீட்டு வாசலில் வந்து காத்திருந்தாள்.

பொழுதுபடும் நேரம் வேலியைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார் கனகசூரியம். முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"வாங்க, வாங்க! என்னை விட்டுப்போட்டு எதுவரைக்கும் ஓடின நீங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடற்கரை முழுக்க உன்னைத்தான் தேடினன் புள்ள. மீன் வாங்கக் கடலடிக்குப் போறன் எண்டுதானே சொல்லிப்போட்டுப் போன நீ?"