ஒரு விரற்கடை ஆட்டம்

"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்குதுங்க தம்பி. நீங்க சரியாப் பாக்கலீங்க."

லிங்கசாமி வந்ததிலிருந்து மூன்றாவது தடவையாக இதையே சொன்னார். அவினாசிக்கும் பல்லடத்துக்கும் நடுவே, ராயபுரத்தில் அந்தோணிராஜின் மெக்கானிக் ஷெட் வாசலில் அவருடைய ஃபியட் நின்றது. இருபது வருஷத்து வண்டி. கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். கதவு வரைக்கும் சேறு காய்ந்திருந்தது.

"மூணு வாரம் முன்னாடிதானே அண்ணாச்சி, உங்க மகன் தரணி கொண்டாந்தாவ? ஸ்டியரிங் லூசுன்னாவ. தேஞ்ச சாமானையெல்லாம் மாத்தி, டைட் பண்ணி, ஓட்டிப் பாத்துட்டுல்லா குடுத்தேன்."

"மறுபடி லூசாயிருச்சுங்க."

"இவ்வளவு சேறா இருக்கே. மழைத் தண்ணியில நிப்பாட்டிட்டீயளா?"

"ரண்டு நாள் தண்ணீல கெடந்துச்சுங்க."

"அப்போ எஞ்சினைத்தானே மொதல்ல பாக்கணும்?"

"எஞ்சின் கெடக்குதுங்க. ஸ்டியரிங்கைப் பாருங்க."

பக்கத்து ஷெட்டில் கார் கதவு தட்டிக்கொண்டிருந்த டிங்கர் மூக்கையா எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அந்தோணி ரிப்பேர் பாத்த வண்டிய அவினாசிக்குத் திருப்புனா அதுபாட்டுக்குப் பல்லடம் போகும். தெரியாம மாட்டிக்கிட்டீக."

"நீ தட்டுன கதவுல பாதி மூடவே மாட்டேங்கு. பேச வந்துட்டான்."

மூக்கையாவின் பார்வை லிங்கசாமியின் மொட்டைத் தலைக்குப் போனது. "பழனிக்குப் போய்ட்டு வாரீகளாண்ணே? தலையில சந்தனம்கூடத் தடவல. இந்த வெயிலுக்கு மண்டை பொளந்துரும்."

லிங்கசாமி தோள்துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "நீங்க பாருங்க தம்பி," என்றார் அந்தோணிராஜிடம்.

"பாக்குதேன். கோளாறு இருந்தா என் செலவுலயே சரி பண்ணித் தாரேன்."

"சரி பண்ண வேண்டாமுங்க. ஆட்டம் இருக்குதுன்னு சொன்னாப் போதும். எங்கூட ஊட்டுக்கு வாங்க. சொந்தபந்தமெல்லாம் வந்திருக்குது. அவங்க முன்னால, 'வேலை பாத்தது என்ற தப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க."

"என்ன, பஞ்சாயத்து வைக்கீயளா?"

"அதெல்லாம் இல்லீங்க. என்ற சம்சாரம் பழனாயி காதுல உளுந்தாப் போதும்."

அந்தோணிராஜின் முகம் கறுத்தது. ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் முக்கால்வாசி லிங்கசாமியின் உறவுக்காரர்களுடையது. அவர்கள் கூடியிருக்கிற இடத்தில் போய்த் தப்பை ஒத்துக்கொண்டால், மறுநாளே ஷெட்டைப் பூட்டிவிட்டுத் சொந்த ஊர் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

"செய்யாத தப்பை நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஏ மூக்கையா, சுத்தியலைப் போட்டுட்டு வா. நீயே சாட்சி."

மூக்கையா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தான். அந்தோணிராஜ் குத்துக்காலிட்டு முன் டயரையே பார்த்தான். டயர் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் ஒரு விரற்கடைக்கு மேல் ஆடினால் கோளாறு.

"எவ்வளவு ஆடுது, சொல்லு."

"அரை விரலு. புது வண்டியிலயே அம்புட்டு இருக்கும்."

லிங்கசாமி ஜன்னலுக்குள் தலையை விட்டார். "ரண்டு விரலு இருக்குமுங்களா? நல்லாப் பாருங்க."

"காய்கறிக் கடையாண்ணே, கொசுறு கேக்க?"

அந்தோணிராஜ் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினான். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். சத்தமே இல்லை. அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நான் போட்ட பின்னு, நான் மடக்குன மாதிரியே இருக்கு," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"வேகமாப் போறப்ப மட்டும் லூசாகுமுங்களா? ஒரே ஒரு தடவை?"

"ஆகாது."

"வளைவுல திருப்பறப்ப?"

"ஆகாது அண்ணாச்சி."

"மொதல்ல ஆட்டம் இருந்து, தண்ணீல ஊறினதுல தானா டைட் ஆகியிருக்குமுங்களா?"

மூக்கையா வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்தோணிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து எழுந்தான்.

"எம்பேரைக் கெடுக்கணும்னே வந்திருக்கீயளா? மகனைக் கூப்பிடுங்க. அன்னைக்கு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, 'அண்ணே, இப்பத்தான் வண்டி சொன்ன பேச்சுக் கேக்குது'ன்னாவ. அவியளே வந்து சொல்லட்டும்."

"அவன் வர மாட்டானுங்க."

"ஏன், எம்மூஞ்சியைப் பாக்க வெக்கமா இருக்காமா?"

அந்தோணிராஜ் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் கைக் கிரீஸைத் துடைத்தான். டீக்கடையில் நின்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன். இந்த ஸ்டியரிங் தானா எந்தப் பக்கமும் இழுக்காது. ஓட்டுறவன் திருப்புனாத்தான் திரும்பும்!"

"அது வாஸ்தவம்ணே. அந்தோணி வேலை சுத்தம்," என்று மூக்கையாவே ஒத்துக்கொண்டான்.

அந்தோணிராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லிங்கசாமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்து, ஆயில் படிந்த தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப என்ற பையன் சாகோணும்னேதானுங்க வாய்க்கால்ல திருப்பியிருக்கறான்."