மூன்று மில்லிமீட்டர்

"நாளைக்கு ஒரு நாள் ஓடினாப் போதும்ணே. அதுக்கப்புறம் ஒடிஞ்சா ஒடியட்டும்."

முத்துராமலிங்கம் சொல்லிக்கொண்டே பெரியகுளத்து சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலை பார்ப்பவர். பக்கத்தில் மகள் பூமாரி, கண்கள் வீங்க அழுது முடித்திருந்தாள். போட்டிக்கென்று இந்தப் பக்கம் வந்து, முந்தின நாள் தேவதானப்பட்டி ரோட்டில் பயிற்சிக்குப் போனபோது பள்ளத்தில் விழுந்து, அவளுடைய ரேஸ் சைக்கிளின் பின் ரிம் நசுங்கிவிட்டது. அவர் அதிகாலையிலேயே மதுரைக்குப் போய்ப் புது ரிம் வாங்கி வந்திருந்தார்.

கடைக்காரர் ஜெபராஜ் பழைய ஸ்போக்ஸ் கம்பிகளையே புது ரிம்மில் கோத்து முடித்து, கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிம்மா?"

"வைகை அணை ரோட்டுல இருவது கிலோமீட்டர், மாமா. ஒவ்வொருத்தரா விடுவாக. நேரம் கம்மியா வர்றவுக ஜெயிச்சவுக. மாவட்டத்துல ஒருத்தரைத்தான் எடுப்பாக. எடுத்துட்டா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேத்துக்கிருவாக, படிப்பும் அங்கனயே. இந்த வருசந்தான் புதுசா அப்படி எடுக்குறாக."

"இல்லாட்டி?"

"என்கூட திராட்சைப் பந்தல் வேலைக்குத்தான்" என்றார் முத்துராமலிங்கம்.

அப்போதுதான் ஜெபராஜின் மகள் ஷெரின் கடைக்குள் வந்தாள். சுழன்றுகொண்டிருந்த வீலைக் கையால் நிறுத்தினாள். டயர் மாட்டாத ரிம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கம்பி பத்தல."

"நேராத்தான ஓடுது?"

"நேரா ஓடுது. பழைய ரிம் உசரமானது. இது தட்டை. கம்பிய ரிம்மோட முடுக்குற நிப்பிளுக்குள்ள நுனி பாதியில நிக்குது பாருங்க. நாலஞ்சு மரைதான் பிடிச்சிருக்கு."

ஜெபராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகள் சொன்னது சரிதான். கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகத் துடைத்தார்.

"ஒரு நாளைக்குத் தாங்கும்" என்றார்.

"மிதிச்சு ஏறும்போது பிச்சுக்கிட்டா?"

"அவுகளே ஒரு நாள் போதும்னுதான் சொல்றாக."

"அவுகளுக்குத் தெரியாதுப்பா. நமக்குத் தெரியும்ல?"

ஜெபராஜ் மகளின் முகத்தையே பார்த்தார். "நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். கம்பியெல்லாம் கழத்துங்கப்பா."

முத்துராமலிங்கத்துக்குக் கவலை வந்துவிட்டது. "ஆத்தா, மறுபடி அவுத்தா இன்னைக்கு முடியுமா?"

"முடியும் சித்தப்பா. ஆறரைக்குள்ள தர்றேன்."

எல்லாக் கம்பிகளையும் கழற்றினாள். இரண்டு கம்பிகளை எதிரெதிர்த் துளைகளில் கொக்கி மாதிரி மாட்டி ரிம்மின் உள்விட்டத்தை அளந்தாள். ஹப்பின் அகலத்தை அளந்தாள். செல்போனில் கணக்குப் போட்டு, அட்டையில் எழுதினாள்: வலது 290, இடது 292.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதாக்கா?" என்று கேட்டாள் பூமாரி.

"கியர் பக்கம் ஹப்பு உள்ள தள்ளியிருக்கும். அங்கன கம்பி கொஞ்சம் குட்டை. உன் பழைய கம்பி ரெண்டு பக்கமும் மூணு மில்லி கம்மி."

கடையில் 295 அளவுக் கட்டு ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு கம்பிகளையும் அளவுக்கு வெட்டி, மரை போட வேண்டும். ஷெரின் மரை போடும் மெஷினின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். பத்தாவது கம்பியில் ஜெபராஜ் வந்து கைப்பிடியை வாங்கினார்.

"நீ வெள்ளன எந்திரிக்கணும். வீட்டுக்குப் போயி படு."

"எந்திரிச்சுக்குவேன்ப்பா. நீங்க வெட்டுங்க, நான் கோக்குறேன்."

அவர் வெட்ட வெட்ட அவள் கோத்தாள். ஆறு மணிக்கெல்லாம் வீல் தயார். ஷெரின் கம்பிகளை ஒவ்வொரு ஜோடியாக அழுத்திப் பார்த்தாள். டயரை மாட்டிக் காற்றடித்து, சைக்கிளில் பூட்டிக் கொடுத்தாள்.

"அணைக்கு முன்னாடி வளைவுல மணல் கெடக்கும். உள்பக்கமாப் போகாத."

"நீங்க போயிருக்கீகளாக்கா?"

"அந்த ரோட்டுலதான் தெனமும் போறேன்."

பூமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்வரை விடவில்லை.

மறுநாள் ஒரு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராக விட்டார்கள். பதினெட்டுப் பெண்கள், எல்லோரும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. மூன்றாவதாகக் கிளம்பிய பூமாரி யாரையும் பார்க்கவில்லை, ரோட்டை மட்டுமே பார்த்தாள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோதும் பின் வீல் அசையவில்லை.

கடைசி ஆள் வந்து சேர்ந்து அரை மணி நேரம் கழித்து மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். முதலிடம். முத்துராமலிங்கம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடையேறிய பூமாரி ஷெரினைத் தேடினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஜெபராஜ் மட்டும் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா வரலியா மாமா?" என்று மேடையிலிருந்தே கத்தினாள். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மைக் மறுபடி கரகரத்தது.

"நாலே நாலு செகண்டுல முதலிடத்தை விட்டவர்... போன வருஷ சாம்பியன்... பெரியகுளம் ஷெரின்!"

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே படியேறி வந்து, அக்கா அவள் பக்கத்தில் நின்றாள்.