நீயே வாயால் கேட்கணும்

“வக்கீல் இல்லாம எவளாவது இதுல இறங்குவாளாட்டி? கோர்ட்டுல ஏத்தி அவனை நாறடிக்கணும்!” என்றான் அண்ணன் காஜா முகைதீன்.

“பள்ளிவாசல் காஜியார் வக்கீலே வேண்டாம்னுல்லா சொல்லுதாவ, காக்கா?” என்றாள் அலிமா பீவி.

ஏரலில் மாட்டு வண்டி ஏறியதிலிருந்து இதே பேச்சுதான். திருநெல்வேலி டவுணில் வக்கீல் காந்திமதிநாத பிள்ளை வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோதும் முடிந்தபாடில்லை. 1912-ம் வருசம் அது. பாவம், அலிமாவுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. மாமியார் ஒன்று சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி இன்னொன்று சொல்கிறாள், அண்ணன் குதிக்கிறான். யார் பேச்சைத்தான் கேட்பாள் அவள்?

வக்கீல் விவரம் கேட்டார்.

“இவ புருசன் அகமது மீரான், ஐயா. கொழும்புல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துதான். நாலு வருசம் கழிச்சு இப்பதான் ஊருக்கு வந்திருக்கான். இந்த வெள்ளிக்கிழமை மறுபடி கப்பலேறுதான்” என்றான் காஜா.

“விட்டுருதேங்கானா, மாட்டேங்கானா?”

“இவ காஜி முன்னால வந்து கேட்டா விட்டுருதேங்கான். பொஞ்சாதி கேட்டு வாங்குத விடுதலை, அதுக்குப் பேரு குலாவாம்! தப்புப் பண்ணினவன் அவன், போயி நின்னு கேட்கணும் இவளா?”

வக்கீல் சிரித்துவிட்டார்.

“வே சாயபு, கேஸ் போட்டா மூணு வருசம் இழுக்கும். அதுக்குள்ள அவன் கொழும்புல இருப்பான். சம்மனைக் கடல்லயா போட? உங்க மார்க்கத்துல பொம்பளை கேட்டு, புருசன் சம்மதிச்சா முடிஞ்சுது. நாளைக்கே ரெண்டு சாட்சியோட காஜிகிட்டப் போங்க. எழுதி வாங்கிக்கிடுங்க. வக்கீல் என்னத்துக்கு?”

வந்த கேஸை வேண்டாம் என்கிற வக்கீல்! நல்ல மனுசன்தான். ஆனால் வாய் சும்மா இருக்கணுமே.

“ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீரும். உங்க ஆளுகளுக்குக் கட்டவும் ஒரு நாழி, அறுக்கவும் ஒரு நாழி. எங்க வீட்டுப் பொம்பளைக இப்படிக் கேட்டுக்கிட்டு வந்து நிப்பாளுகளா? இந்தா இருக்காளே என் தங்கச்சி சொர்ணாம்பாள்...”

மோர்ச் செம்போடு அப்போதுதான் வந்து நின்றாள் சொர்ணாம்பாள். முப்பது வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம்.

“இவ புருசனுக்கு மதுரைப் பக்கம் உத்தியோகம். பதினோரு வருசமா இங்கனதான் இருக்கா. ஒரு நாள் மூக்கைச் சிந்தியிருப்பாளா? மானம்னா அது!”

அலிமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவமானமாக இருந்தது.

“சொல்லு தாயீ, வக்கீல் வேணுமா, வேண்டாமா?”

“தெரியலய்யா... வக்கீல்னா எனக்காக நீங்க பேசுவிய. காஜி முன்னாலன்னா நானே வாயால கேட்கணுமாம். அத்தனை ஆம்பிளைக இருப்பாவ.” அழுதே விட்டாள். “வாயைத் திறந்தா வெக்கங்கெட்டவம்பாவ. திறக்கலைன்னா வெள்ளிக்கிழமை அவுக கப்பலேறிருவாக, ஆயுசு பூரா நான் இப்படியே தொங்கிக்கிட்டுக் கெடக்கணும். என்ன செய்யன்னே புரியலை.”

“என்ன சொல்லிக் கேட்கணுமாம்?” என்றாள் சொர்ணாம்பாள்.

“‘இவரோட வாழ எனக்கு இஷ்டமில்லை. எனக்கு விடுதலை வேணும்.’ அவ்வளவுதானாம்மா. காஜியார் சொல்லிக் குடுத்தாவ.”

“சொன்னா விட்டுருவாகளா?”

“ஆமாம்மா.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கே.”

“ஏட்டி சொர்ணம், உனக்கு எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? உள்ள போ” என்றார் வக்கீல்.

அவள் போகவில்லை. செம்பைக் கீழே வைத்தாள். “எங்க, அங்கன சொல்லப் போறதை இங்கன ஒரு தடவை சொல்லிப் பாரு” என்றாள்.

“இவரோட... இவரோட வாழ...”

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அடுத்த தடவையும் அதே இடத்தில்தான் நின்றாள்.

“குனியாத. தலையை நிமித்திக்கோ. இவரோட வாழ எனக்கு இஷ்டமில்லை. எனக்கு விடுதலை வேணும். இப்படிச் சொல்லணும்.”

துளி திக்கல் இல்லை. வக்கீல் கையிலிருந்த மூக்குப்பொடி டப்பாவைத் திறக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அலிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கே ஆச்சரியம்.

“காக்கா, வக்கீல் வேண்டாம். நானே பேசிக்கிடுதேன்.”

காஜா வண்டியைத் திருப்பப் போனான். வாசல் வரை போன அலிமா திரும்பி வந்தாள்.

“நான் ரெண்டு தடவை திக்கினேன். உங்களுக்கு மட்டும் எப்படிம்மா முதல் தடவையே அவ்வளவு தெளிவா வந்துது?”

சொர்ணாம்பாள் அண்ணனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

“அவுக மதுரையில இல்லை, தாயீ. சீவலப்பேரியில இன்னொருத்தி வீட்டுல இருக்காக. நான் பதினோரு வருசமா அடுப்படியில நின்னு இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கேன். கேக்கதுக்குத்தான் எங்கள்ல ஒரு காஜி இல்லை.”