நாலு சில்லு அனுபவம்

பார்க்டேல் அப்பார்ட்மெண்டின் குசினி மேசையில் டுபாய்ப் பயணப் படிவத்தை விரித்து, யோகமலர் ஒவ்வொரு கேள்வியாகக் கணவனுக்கு வாசித்தாள்.

“இஞ்சேருங்கோ, பொழுதுபட்ட பிறகு பாலைவன மணல்மேட்டில நாலு சில்லு மோட்டச்சைக்கிள் ஓட்டமாம். உங்களுக்கு உது தேவையோ?”

“ஓம், தேவைதான். எல்லாம் கையால ஓடுறதாம்.”

“இருட்டில பிரண்டால்?”

“மணல்தானே, மெத்தை மாதிரி.”

“நாலு சில்லு வண்டி ஓடின அனுபவம் எவ்வளவெண்டு கேட்டிருக்கு.”

“ஒன்பது வருசம் எண்டு எழுது.”

“பொய் எழுதச் சொல்லுறியளோ?”

“எது பொய்?”

கேதீசன் இரண்டு கைகளாலும் சில்லுகளை உருட்டிக்கொண்டு மேசையருகே வந்தான். ஊரில் ஷெல் விழுந்து கால்கள் போனதிலிருந்து அவன் உலாவுவது சக்கர நாற்காலியில்தான்.

யோகமலர் சிரித்துவிட்டாள். ‘ஒன்பது’ என்றே எழுதினாள். ஆட்கள் எத்தனை என்ற கடைசிக் கேள்விக்கு ‘இரண்டு’ என்று எழுதினாள்.

“நீயுமோ? உனக்குப் பயமெல்லே?”

“ஒன்பது வருசமாய்ப் பின்னால நிண்டு உங்களைத் தள்ளுறன். ஒருநாளெண்டாலும் பின்னால இருந்துகொண்டு வாறனே!”