புரட்டாத கம்பளி

மாசி முடியும்போது மூடுபனி விலகி, மலையில் முதல் வெயில் அடித்தது. அன்று வரிசை வீடுகள் அனைத்தின் கம்பளிகளும் காய்வதற்குப் பொதுச்சுவருக்கு வந்துவிட வேண்டும். வராத வீட்டில் பூஞ்சை வாடை என்று பேச்சு எழும். ஆகவே சுலோச்சனாவும் வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்து, சிவப்பு நூலால் தைத்திருந்த மூலை அடியில் போகும்படி விரித்தாள். அது அடுத்த வீட்டுப் பிலோமினாவுடையது. அது காற்றில் பறந்து இவள் வாசலில் விழுந்த அன்று மகளுக்குக் கடும் காய்ச்சல். நாளை கொடுத்துவிடலாம் என்று போர்த்திவிட்டாள். மறுநாள் பிலோமினா வந்து விசாரித்தபோது, "நான் பாக்கலியேக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உச்சிவேளையில் ஒருவரே எல்லாக் கம்பளிகளையும் புரட்டிப்போடுவது வழக்கம். இவ்வாண்டு அந்த முறை பிலோமினாவுக்கு. "என்னா கனம்! ஒன் வீட்டுக்காரரு கொறட்டையும் இதுலயே ஒட்டியிருக்கு போல" என்று ஒருத்தியைச் சீண்டியபடி ஒவ்வொன்றாகப் புரட்டி வந்தாள். சுலோச்சனா வாசற்படியில் அமர்ந்திருந்தாள். பிலோமினா அவள் விரித்திருந்த கம்பளியின் ஓரத்தைத் தூக்கினாள். சிவப்புத் தையலைப் பார்த்தாள். பிறகு, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல அதைப் பழையபடி இறக்கிவிட்டாள்.

"பாப்பாவுக்கு இப்ப தேவலையா சுலோ?"

"ம்" என்றாள் சுலோச்சனா, தலை நிமிராமல்.

மாலையில் எல்லோரும் தத்தம் கம்பளியை மடித்து எடுத்துப்போனார்கள். காலையில் விரித்தபடியே ஒன்று மட்டும், யாரும் எடுக்காமல், சுவரில் கிடந்தது. அடுத்தடுத்த அந்த இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்தே இருந்தன.